வளையமாகத் தெரியும் ஓட்டம்

சனிக்கோளின் வளையங்கள் எதனால் ஆனவை, எப்படி இருந்தால் அவை குலையாமல் நிற்கும் என்று 1850-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு பரிசுக் கேள்வி விடுத்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டிய விடை பலரும் அறிந்ததுதான். ஒரே தகடாக இருந்தால் வளையம் கோளின்மேல் சரிந்துவிடும். திரவமாக இருந்தால் திரள்திரளாகப் பிரிந்துவிடும். எண்ணற்ற சிறு துண்டுகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பாதையில் தனித்தனியே சுற்றினால் மட்டுமே நிலைக்கும். 1857-இல் ஆடம்ஸ் பரிசை அவருக்குப் பெற்றுத்தந்த அந்த விடை இன்றைக்கும் சரியே. ஆனால் கேள்வியிலேயே ஒரு முன்முடிவு ஒளிந்திருந்தது. வளையம் என்பது எப்போதோ உண்டாகி, அதன்பின் நிலைத்து நிற்கும் பொருள் என்று கேட்டவர்களும் எடுத்துக்கொண்டார்கள், விடை சொன்னவரும் எடுத்துக்கொண்டார். கூழாங்கல் அளவு முதல் வீடளவு வரையுள்ள பனிக்கட்டிகளால் ஆன, சிறு தொலைநோக்கியிலும் பளிச்சென்று தெரிகிற வளையங்களுக்கு அந்த நினைப்பு பெரும்பாலும் பொருந்தும். அதே சனியையும் வியாழனையும் சுற்றித் தூசியால் ஆன மங்கலான வளையங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. தூசி வளையம் என்று நாம் பெயரிட்டிருப்பது உண்மையில் ஓர் ஓட்டம்: ஏதோ ஒரு துணைக்கோளிலிருந்து இன்றும் கிளம்பி, கொஞ்ச காலம் அலைந்து, வேறெங்கோ போய் அழிகிற மணிகளின் தொடர் வரிசை. அந்த மணிகள் போகும் வழியைச் சரியாகக் கணக்கிட்டால், அவை எங்கிருந்து கிளம்பின என்று சொல்லிவிட முடியும். இதைத்தான் இன்று நிறுவ விரும்புகிறேன். வழியைக் கொண்டு சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அதையும் உரிய இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லுக்கும் தூசிக்கும் அளவில்தானே வேறுபாடு, விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே என்று தோன்றலாம். விதி ஒன்றுதான். ஆனால் எந்த விசை ஓங்கும் என்பதை அளவு தீர்மானிக்கிறது. ஒரு மணியின் ஆரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அதன் நிறை ஆயிரத்தில் ஒன்றாகும். எனவே கோளின் ஈர்ப்பு விசையும் ஆயிரத்தில் ஒன்றாகும். சூரிய ஒளி தள்ளுவது அதன் பரப்பை. பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறையும். மணிமேல் தங்கும் மின்னூட்டமோ, மின்னழுத்தம் மாறாதவரை, பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். ஆக, ஆரம் பத்து மடங்கு சுருங்கும்போதெல்லாம் ஈர்ப்போடு ஒப்பிட்ட ஒளியின் பங்கு பத்து மடங்கும், மின்காந்த விசையின் பங்கு நூறு மடங்கும் ஏறுகின்றன. ஒரு சென்டிமீட்டர் கல்லிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் மணிக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, இறங்கி வந்தால் மின்காந்த விசையின் பங்கு பத்துக் கோடி மடங்கு உயர்ந்திருக்கும். கல்லுக்கு அந்த விசை இல்லையென்றே சொல்லலாம். மைக்ரோமீட்டர் மணிக்கு அது ஈர்ப்பு வகுத்த பாதையைச் சிறிது சிறிதாகத் திருத்தும் விசை. இன்னும் நூறு மடங்கு சிறுத்து 10 நானோமீட்டருக்குப் போனால், ஈர்ப்பையே பின்னுக்குத் தள்ளிவிடும் விசை. ஒளிக்கு மட்டும் இந்த ஏற்றத்தில் ஓர் எல்லை உண்டு: ஒளியலையின் நீளத்தைவிட மிகச் சிறிய மணியை ஒளியால் சரியாகத் தள்ள முடியாது. அதனால் மைக்ரோமீட்டர் அளவில் செல்வாக்கோடு இருக்கும் ஒளி, நானோமீட்டர் உலகில் ஏறத்தாழ ஒதுங்கிவிடுகிறது.

மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? பெருங்கோள்களைச் சுற்றியுள்ள வெளி வெற்றிடமல்ல. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மா அங்கே நிறைந்திருக்கிறது. எலக்ட்ரான்கள் எடை குறைந்தவை, விரைந்து ஓடுபவை. ஆகவே அவையே முதலில் மணியில் வந்து ஒட்டி அதை எதிர்மின்னூட்டம் கொள்ளச் செய்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர் இதற்கு நேர்மாறாக மணியிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. பிளாஸ்மா மிகவும் சூடாக இருந்தால், மோதும் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை வெளியே தட்டிவிடுவதும் உண்டு. அப்போது மணி நேர்மின்னூட்டம் பெறும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள மணி ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 700 எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தைத் தாங்கும். 10 நானோமீட்டர் மணி வெறும் ஏழின் மின்னூட்டத்தை. எண்ணிக்கை அற்பமாகத் தோன்றினாலும், இரண்டாவது மணியின் நிறை முதலாவதன் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இனி, கோளின் காந்தப்புலம் கோளோடு சேர்ந்தே சுழல்கிறது, பிளாஸ்மாவையும் இழுத்துக்கொண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுகிறது. அதன் துணைக்கோளான அயோ தன் பாதையில் நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போக, அதே தொலைவில் காந்தப்புலமும் பிளாஸ்மாவும் நொடிக்கு 74 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து வந்து அதைக் கடந்து போகின்றன. இந்த வேக வேறுபாட்டால் மின்னூட்டமுள்ள மணி ஒரு மின்புலத்தை உணர்கிறது. வியாழனிலும் சனியிலும் காந்தப்புலம் அமைந்திருக்கும் திசையால், அந்தப் புலம் நேர்மின் மணியை வெளிப்புறமாகத் தள்ளும், எதிர்மின் மணியை உட்புறமாக இழுக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஈர்ப்பு, ஒளி, மின்னூட்டம், பிளாஸ்மாவின் இழுவை, கோளின் தட்டையான வடிவம் என்று இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டால் எந்த வளையத்தைக் காட்டினாலும் அதற்கொரு விளக்கம் சொல்லிவிடலாமே, எல்லாவற்றையும் விளக்கும் கொள்கை எதையும் விளக்கவில்லை என்றல்லவா ஆகும்? நியாயமான ஐயம். ஆனால் இந்த விசைகள் ஒவ்வொன்றும் அளவோடு வெவ்வேறு விகிதத்தில் மாறுகின்றன என்று சற்றுமுன் பார்த்தோமே, அதுதான் இதற்கு விடை. மணியின் அளவை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் எல்லா விசைகளின் விகிதங்களும் அந்தக் கணமே நிலைபெற்றுவிடுகின்றன. அதன்பின் கணக்கைத் தன் விருப்பத்துக்கு வளைக்க எவருக்கும் வழியில்லை. ஆகவே இந்தக் கொள்கை, நடக்கக்கூடியதைச் சொல்வதைவிட நடக்கக் கூடாததையே அதிகம் சொல்கிறது. வியாழனிலிருந்து புறப்படும் தூசித் தாரைகளின் கதை இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம்.

யுலிசிஸ் விண்கலம் சூரியனின் துருவங்களைக் காண்பதற்காக அனுப்பப்பட்டது. போகும் வழியில் 1992 பிப்ரவரி 8 அன்று வியாழனை ஒட்டிச் சென்றது. அதிலிருந்த தூசிக் கருவி, எபர்ஹார்ட் குருன் தலைமையிலான குழுவின் பொறுப்பில் இருந்தது. யாரும் எதிர்பாராத ஒன்றை அது பதிவுசெய்தது. தூசி மணிகள் கற்றை கற்றையாக, ஏறத்தாழ 28 நாட்களுக்கு ஒருமுறை, வியாழன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்து மோதின. வியாழனின் ஈர்ப்பு எவ்வளவு பெரியது என்று நாம் அறிவோம். அதன் பிடியிலிருந்து தூசி தானே வெளியேறுமா? ஈர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. மிஹாய் ஹொரானியும் உடனிருந்தவர்களும் 1993-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அயோவின் எரிமலைகள் கக்கும் நுண்மணிகள் நேர்மின்னூட்டம் பெற்று, சுழலும் காந்தப்புலத்தால் முடுக்கப்பட்டு வெளியே எறியப்படுகின்றன என்றார்கள். அந்த விளக்கத்துக்கு ஒரு குறுகிய வாசல் மட்டுமே இருந்தது என்பதே அதன் சிறப்பு. மணி பெரிதாக இருந்தால் ஈர்ப்பு விடாது. மிகவும் சிறிதாக இருந்தால் ஓர் அயனியைப் போலக் காந்தப்புலக் கோடுகளில் சிக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையில், பத்து நானோமீட்டரை ஒட்டிய மணிகளுக்கு மட்டுமே கதவு திறந்திருக்கிறது.

ஆனால் கருவியின் அளவீடு வேறு கணக்குச் சொன்னது. அதன்படி மணிகள் அதைவிடப் பெரியவை. வேகமோ நொடிக்குச் சில பத்து கி.மீ. மட்டுமே. கொள்கை தோற்றது என்று அப்போதே ஒதுக்கியிருக்கலாம். ஹெர்பர்ட் ஸூக்கும் குழுவினரும் 1996-இல் வேறு வழியில் போனார்கள். யுலிசிஸ் தானே அளந்திருந்த கோளிடைக் காந்தப்புலத்தை எடுத்துக்கொண்டு, மணிகள் வந்த திசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். மணி எந்த அளவில், எந்த வேகத்தில் இருந்தால் அதன் பாதை பின்னோக்கி வியாழனில் போய் முடியும்? நொடிக்கு 200 கி.மீ.க்கு மேல் வேகமும், 10 நானோமீட்டரை ஒட்டிய அளவும் இருந்தால் மட்டுமே முடியும் என்று வந்தது. அவ்வளவு சிறிய, அவ்வளவு விரைந்த மணிகளைக் கொண்டு அந்தக் கருவி ஒருபோதும் அளவு திருத்தப்பட்டதில்லை; அதனால்தான் அது தவறான எண்ணைத் தந்தது. எடைபோட முடியாத ஒரு பொருளின் எடையை அது வந்த வழியைக் கொண்டே சொன்ன கணக்கு இது. அறிவியல் வரலாற்றில் இதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அயோதான் மூலம் என்பதற்கு நேரடிச் சான்று கலிலியோ விண்கலத்திலிருந்து வந்தது. 1995 டிசம்பரில் வியாழனைச் சுற்றத் தொடங்கிய அந்தக் கலத்தின் தூசிப் பதிவுகளை அமரா கிராப்ஸும் மற்றவர்களும் 2000-இல் ஆராய்ந்து, தூசி வந்து மோதும் வீதத்தில் என்னென்ன தாளங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். வியாழனின் சுழற்சிக்குரிய பத்து மணி நேரத் தாளம் தெரிந்தது. அயோ ஒருமுறை சுற்றிவர எடுக்கும் 42 மணி நேரத் தாளமும் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று பண்பேற்றுவதால் பிறக்கும் துணைத் தாளங்களும் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பின்னர் காசினி விண்கலம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வியாழனைக் கடந்தபோது அதன் கருவி இந்த மணிகளின் வேதியியலைப் பதிவுசெய்தது. முதன்மைப் பொருள் சோடியம் குளோரைடு: சாப்பாட்டு உப்பு. எரிமலை உலகிலிருந்து கந்தகம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஒரு வியப்பு. இதே விதிகளின்படி சனியிலிருந்தும் தாரைகள் புறப்பட வேண்டும் என்று ஹொரானி 2000-இல் எழுதியிருந்தார். 2004-இல் சனியை நெருங்கும் வழியிலேயே காசினி அவற்றைச் சந்தித்தது. எதையும் விளக்கிவிடும் கொள்கை என்ற குற்றச்சாட்டுக்கு, நடக்கும் முன்பே சொன்ன இந்தக் கணிப்பைவிட வேறு மறுமொழி தேவையில்லை.

வியாழனின் வளையங்களைச் சற்றுச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1979 மார்ச்சில் வாயேஜர்-1 கண்டுபிடித்த அந்த வளையம் கல்லால் ஆனதல்ல, பெரும்பாலும் தூசி. கலிலியோ எடுத்த படங்களில் முதன்மை வளையத்துக்கு வெளியே மிக மங்கலான இரண்டு வளையங்கள் தெரிந்தன. ஒன்று அமல்தியா என்ற துணைக்கோளின் பாதையில் தொடங்குகிறது, மற்றது தீபியின் பாதையில். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டின் தடிமனும் வேறு. அமல்தியாவின் வளையம் 2,000 கி.மீ.க்குச் சற்று மேல், தீபியுடையது 8,000 கி.மீ.க்கும் மேல். இவை அந்தந்தத் துணைக்கோள் தன் சாய்ந்த பாதையில் கோளின் நடுத்தளத்துக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் உயரத்தோடு பொருந்துகின்றன. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுப்பகுதியைவிடப் பளிச்சென்று இருப்பதும் அதே காரணத்தால்தான்: ஏறி இறங்கும் எதுவும் திரும்பும் இடத்தில்தான் அதிக நேரம் செலவிடும். 1999-இல் ஜோசப் பர்ன்ஸும் குழுவினரும் இதை எடுத்துக்காட்டினார்கள். விண்வெளியிலிருந்து வேகமாக வந்து மோதும் நுண்துகள்கள் அந்தச் சிறு துணைக்கோள்களிலிருந்து தூசியைக் கிளப்புகின்றன. அவற்றின் ஈர்ப்பு மிகவும் வலுவற்றது என்பதால் தூசி எளிதில் தப்பி, தாயின் சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு, ஒளியின் இழுவையால் மெல்ல உள்ளே சுருண்டு இறங்குகிறது. பெரிய துணைக்கோள்கள் இவ்வளவு தாராளமாகத் தருவதில்லை. கனிமீடைச் சுற்றி இப்படிக் கிளம்பிய தூசியின் மென்மேகம் ஒன்றைக் கலிலியோ கண்டது உண்மைதான், ஆனால் அங்கே கிளம்பும் தூசியில் பெரும்பங்கு அதன் ஈர்ப்பால் அதன்மேலேயே திரும்ப விழுகிறது.

இந்த விளக்கத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. இழுவை தூசியை உள்ளேதான் கொண்டுபோகும். தீபியின் வளையமோ தீபியின் பாதைக்கு வெளியேயும் நீண்டு கிடந்தது. மூலம் தீபி என்பது தவறோ? டக்ளஸ் ஹாமில்டனும் ஹரால்ட் குரூகரும் 2008-இல் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதற்குப் புதிதாக ஒரு விசையைக் கொண்டுவரத் தேவைப்படவில்லை. மணி சுற்றிவரும்போது ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் நுழைந்து வெளிவருகிறது. வெயிலில் புற ஊதாக் கதிர் எலக்ட்ரான்களைப் பிடுங்குவதால் நேர்மின்னூட்டம்; நிழலுக்குள் அந்தப் பிடுங்கல் நின்றுபோவதால் பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் சேர்ந்து எதிர்மின்னூட்டம். ஆகவே மின்விசை பாதையின் ஒரு பகுதியில் ஒரு விதமாகவும் மற்றொரு பகுதியில் வேறு விதமாகவும் செயல்பட்டு, வட்டப் பாதையை நீள்வட்டமாக இழுத்துவிடுகிறது. தீபியில் பிறந்த மணியே தீபியைத் தாண்டி வெளியே போய்வருகிறது. கலிலியோ தன் இறுதிக் காலத்தில், 2002-லும் 2003-லும், இந்த வளையங்களுக்கு ஊடாகவே பறந்து எண்ணிய மணிகளும் இந்தப் படத்தோடு ஒத்துப்போயின.

இனி சனியின் ‘ஈ’ வளையம். என் வாதத்துக்கு மிகப் பெரிய வலுவும் மிகப் பெரிய சங்கடமும் அங்கேதான் இருக்கின்றன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சனியின் வளையங்கள் பூமிக்கு விளிம்பைக் காட்டும். பளிச்சிடும் வளையங்கள் கண்ணிலிருந்து மறைய, மங்கலானவை வெளிப்படும். 1966-இல் அப்படி ஒரு வாய்ப்பில் வால்டர் ஃபைபெல்மன் எடுத்த ஒளிப்படத் தட்டுகளில் இந்த வளையம் முதன்முதலில் தென்பட்டது. மைமாஸ் என்ற துணைக்கோளின் பாதையிலிருந்து வெளியே பல லட்சம் கி.மீ. பரவிக் கிடக்கிறது அது. 1980-இல் மீண்டும் விளிம்பு காட்டியபோது அதன் ஒளி உச்சம் பெறும் இடம் என்செலாடஸின் பாதை என்று தெரிந்தது. 500 கி.மீ. விட்டமே உள்ள, பனி போர்த்த சிறு துணைக்கோள் அது. இன்னொரு விந்தையும் இருந்தது. சாதாரணத் தூசித் திரளில் பல அளவு மணிகள் கலந்திருக்கும். இங்கே மணிகள் ஏறத்தாழ எல்லாமே ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியவை. இப்படிச் சலித்தெடுத்தது யார்?

1992-இல் ஹொரானி, பர்ன்ஸ், ஹாமில்டன் மூவரும் இதற்கு விடை கண்டார்கள். சூரிய ஒளி மணியை எப்போதும் ஒரே பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பாதையை நீள்வட்டமாக்கப் பார்க்கிறது. ஆனால் சனி சற்றே தட்டையான கோள். அந்தத் தட்டை வடிவத்தின் ஈர்ப்பு, நீள்வட்டத்தின் அச்சை முன்னோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கிறது. அச்சு திரும்பிக்கொண்டே இருந்தால் இன்று ஒளி சேர்த்ததை நாளை ஒளியே கழித்துவிடும். எதிர்மின்னூட்டமுள்ள மணிக்குக் காந்தப்புலம் அச்சைப் பின்னோக்கித் திருப்புகிறது. ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அளவில் மட்டும் இந்த இரண்டு திருப்பல்களும் ஏறத்தாழச் சமமாகி ஒன்றையொன்று அழிக்கின்றன. அச்சு நின்றுவிடுகிறது. அப்போது ஊஞ்சலை உரிய தருணம் பார்த்துத் தள்ளுவது போல, ஒளியின் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகிறது; நீள்வட்டம் நீண்டு நீண்டு பக்கத்துத் துணைக்கோள்களின் பாதைகளையெல்லாம் வெட்டத் தொடங்குகிறது. பெரிய மணியும் சிறிய மணியும் என்செலாடஸின் அருகிலேயே தங்கிவிட, இந்த அளவு மட்டும் வெகுதூரம் பரவுகிறது. சலித்தது விசைகளின் இந்தச் சமநிலைதான். காசினி பின்னர் அளந்த மின்னழுத்தம் இந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டதிலிருந்து கொஞ்சம் விலகியது. மணிகளை வெளியே நகர்த்துவதில் பிளாஸ்மா இழுவையின் பங்கு முன்பு நினைத்ததைவிடக் கூடுதல் என்றும் தெரியவந்தது. திருத்தங்கள் சிறியவை என்று சொல்லமாட்டேன், ஆனால் மூலம் என்செலாடஸ் என்ற முடிவை அவை அசைக்கவில்லை.

சங்கடம் இதற்கு அடுத்துத்தான். 1994-இல் ஹாமில்டனும் பர்ன்ஸும் இந்தக் கணக்கிலிருந்து ஒரு படி மேலே போனார்கள். நீண்ட பாதைகளில் போகும் மணிகள் திரும்பி வந்து என்செலாடஸை வேகமாக மோதும்; அந்த மோதலில் புதிய தூசி கிளம்பும்; அதுவும் போய் மோதும். வளையம் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது, வேறு எதுவும் தேவையில்லை. அழகான வாதம். 2005-இல் காசினி என்செலாடஸை நெருங்கியபோது அதன் தென் துருவத்தில், ஒவ்வொன்றும் நூறு கி.மீ.க்கு மேல் நீளமான பிளவுகளிலிருந்து நீராவியும் பனிப்பொடியும் பீய்ச்சியடிப்பது தெரிந்தது. அடியில் ஒரு கடலே இருக்கிறது. வளையத்தை ஊட்டுவது முதன்மையாக அந்த ஊற்றுகளே. மோதலின் பங்கு மிகச் சிறிது. ஆக, எந்தத் துணைக்கோள் என்பதைப் பாதைகள் சரியாகச் சொல்லின. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கிளம்பிய சிறிது காலத்துக்குள் மணி தான் எப்படிக் கிளம்பியது என்பதன் தடயத்தைத் தன் பாதையில் இழந்துவிடுகிறது. அதைச் சொல்ல மணியின் வேதியியல் தேவைப்பட்டது. 2009-இல் ஃபிராங்க் போஸ்ட்பெர்க்கும் குழுவினரும் ‘ஈ’ வளைய மணிகளில் சோடியம் உப்புகளைக் கண்டார்கள்; வெறும் பனி ஆவியானதென்றால் உப்பு வராது, பாறையைத் தொட்டிருக்கும் திரவ நீர் வேண்டும். 2015-இல் நானோமீட்டர் அளவுச் சிலிக்கா மணிகளிலிருந்து, அந்தக் கடலின் அடியில் சுமார் 90 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெந்நீர் இருக்க வேண்டும் என்ற முடிவு வந்தது. 2023-இல் பாஸ்பேட்டும் கண்டுபிடிக்கப்பட்டது. நான் முன்பே ஒப்புக்கொள்வதாகச் சொன்ன எல்லை இதுதான்: மணி எப்படிக் கிளம்பியது என்பதை வழி சொல்லாது.

‘ஈ’ வளையம் எப்போதோ நேர்ந்த ஒரு பேரழிவின் எச்சமாக ஏன் இருக்கக்கூடாது, தற்செயலாக நாம் சரியான நேரத்தில் வந்து பார்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். மணிகளின் ஆயுள் அதற்கு இடம் தராது. என்செலாடஸின் தொலைவில் மணி நொடிக்குச் சுமார் 12.6 கி.மீ. வேகத்தில் போக, பிளாஸ்மா சுமார் 39 கி.மீ. வேகத்தில் அதைப் பின்னாலிருந்து மோதுகிறது. அந்த அயனிகளின் இடி மணியின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் பனிமணி சில பத்தாண்டுகளிலிருந்து ஒரு சில நூற்றாண்டுகளுக்குள் இல்லாமல் போய்விடும். ஃபைபெல்மன் 1966-இல் படம்பிடித்த மணிகளில் பல இன்று இல்லை. வளையம் இருக்கிறது.

கரையாமல் தப்பும் மணிகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் இந்த ஓட்டத்தின் மறுமுனை தெரிகிறது. என்செலாடஸுக்கு வெளியேயுள்ள டெத்திஸ், டயோனி ஆகிய துணைக்கோள்களின் பாதையை எட்டும் மணி, தன் நீள்வட்டத்தின் தொலைமுனையில் இருப்பதால் மெதுவாகப் போகும். துணைக்கோள்தான் அதன்மேல் போய் மோதும், ஆகவே துணைக்கோளின் முன்பக்கத்தில் பனி படியும். உள்ளேயுள்ள மைமாஸிலோ மணி நீள்வட்டத்தின் அண்மைமுனையில் விரைந்து வந்து பின்னாலிருந்து மோதும். பனி பின்பக்கத்தில் படியும். ஆன் வெர்பிசரும் குழுவினரும் 2007-இல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு காட்டியது இதையே: டெத்திஸும் டயோனியும் முன்பக்கம் வெளுத்திருக்கின்றன, மைமாஸ் பின்பக்கம். எந்தத் துணைக்கோள் எந்தப் பக்கம் வெளுக்கும் என்பதை விசைக் கணக்கு ஒன்றே தீர்மானிக்கிறது. இங்கே வேறு விளக்கத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளுப்பதற்கு மாறாகக் கறுத்த துணைக்கோள் ஒன்றும் சனிக்கு உண்டு. இயாபெட்டஸை 1671-இல் கண்டுபிடித்த ஜோவன்னி காசினி, சனியின் ஒரு பக்கம் இருக்கும்போது மட்டுமே அது தெரிவதைக் கண்டு, அதன் ஒரு பாதி இருண்டிருக்க வேண்டும் என்று அன்றே ஊகித்தார். இருண்டது முன்பக்கம். வெகு தொலைவில் எதிர்த் திசையில் சுற்றும் ஃபீபி என்ற துணைக்கோளின் தூசி உள்ளே சுருண்டு வந்து அதன்மேல் நேருக்கு நேர் மோதுகிறது என்று ஸ்டீவன் சோட்டர் 1974-இல் சொன்னார். மறுத்தவர்களிடம் இரண்டு வலுவான காரணங்கள் இருந்தன. ஃபீபி சாம்பல் நிறம், இயாபெட்டஸின் கறை செம்மை கலந்தது. மேலும், மெல்லத் தூவும் தூசி கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் படிப்படியாகத்தான் மாற வேண்டும், அங்கேயோ எல்லை கூர்மையாக இருக்கிறது. முதல் மறுப்புக்கு முழு விடை இன்னும் அமையவில்லை என்றாலும், எதிர்த் திசையில் சுற்றும் வேறு சிறு துணைக்கோள்களின் தூசியும் கலந்திருக்கலாம் என்பது பொருத்தமான விடை. இரண்டாவதற்கு ஸ்பென்சரும் டெங்கும் 2010-இல் தெளிவான விடை தந்தார்கள். இயாபெட்டஸ் ஒரு சுற்றுச் சுழல 79 நாட்கள் ஆகின்றன. தூசியால் கொஞ்சம் கறுத்த இடம் நீண்ட பகலில் கூடுதலாகச் சூடாகிறது. அங்கேயுள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த வெளுப்பான இடத்தில் போய் உறைகிறது. கறுத்தது மேலும் கறுக்க, வெளுத்தது மேலும் வெளுக்கிறது. தூசி தொடங்கிவைத்ததை வெப்பம் முடித்துவைத்தது. 2009-இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, ஃபீபியின் பாதையை ஒட்டிச் சனியின் ஆரத்தைப்போல் 128 மடங்கிலிருந்து 207 மடங்கு தொலைவு வரையிலாவது பரந்த ஒரு பிரம்மாண்டத் தூசி வளையத்தைக் காட்டியபோது, சோட்டர் 35 ஆண்டுகளுக்கு முன் கணக்கில் மட்டும் கண்ட ஓட்டம் கண்ணுக்கும் தெரிந்தது.

இந்தப் பாதைக் கணக்கு இனிமேல் வேலை செய்யப்போகும் இடம் வியாழனின் துணைக்கோளான யூரோப்பா. 2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைந்து, அந்தத் துணைக்கோளை ஏறத்தாழ ஐம்பது முறை நெருங்கிப் போகும். மிக அருகில் வரும்போது உயரம் 25 கி.மீ. மட்டுமே. நுண்துகள்கள் மோதிக் கிளம்பும் யூரோப்பாவின் மேற்பரப்புத் தூசியைப் பிடித்து ஆராயும் கருவி ஒன்று அதில் இருக்கிறது. கிளம்பிச் சில நிமிடங்களே ஆன மணியின்மேல் ஒளியோ மின்னூட்டமோ இன்னும் தன் வேலையைக் காட்டியிருக்காது. எறிந்த கல்லைப் போலவே அது ஏறி இறங்கும் என்பதால், மோதிய இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மேற்பரப்பின் எந்தப் பகுதியிலிருந்து அது வந்தது என்று சொல்லலாம். அங்கே உப்பு இருந்தால், அது எந்தப் பிளவின் உப்பு என்றும் சொல்லலாம். ஆனால் அதே கருவியில் அயோவின் உப்பு மணிகளும் வந்து விழும். இரண்டும் சோடியம் குளோரைடாகவே இருந்துவிட்டால் வேதியியல் கைகொடுக்காது. எது யூரோப்பாவில் மெல்லக் கிளம்பியது, எது அயோவில் பிறந்து காந்தப்புலத்தால் எறியப்பட்டது என்பதை வேகத்தையும் திசையையும் கொண்டுதான் பிரிக்க வேண்டியிருக்கும்.